பாலின ஆய்வின் மேல் ஒரு பழி

கற்றோர் கூடும் சபைகளிலும், பல்கலைக்கழக ஆட்சிக்குழுக்களிலும், பத்திரிகைகளின் தலையங்கப் பக்கங்களிலும் சில ஆண்டுகளாக ஓர் அபிப்பிராயம் வேரூன்றி வருகிறது. மகளிரியல் என்றும், பாலின ஆய்வு என்றும், பாலியல்புக் கல்வி என்றும் பல பெயரால் வழங்கும் துறை உண்மையில் சாஸ்திரம் அன்று, ஓர் இயக்கத்தின் பிரசாரக் கிளையே. அதில் ஈடுபட்டோர் முடிவை முதலில் தீர்மானித்துக்கொண்டு அதற்கேற்ற சான்றுகளைப் பின்னர் தேடுகிறார்கள். தெருவில் கோஷமிடுகிறவர் வகுப்பறையில் நடுநிலையாளராக இருத்தல் இயலாது என்பதே அந்த அபிப்பிராயம். வெறும் பேச்சோடு அது நின்றுவிடவில்லை என்பதற்கு ஹங்கேரி நாடு சாட்சி. புடாபெஸ்டின் இரண்டு பல்கலைக்கழகங்களில் நடந்துவந்த பாலின ஆய்வு முதுகலைப் படிப்பை 2018 அக்டோபரில் அந்நாட்டு அரசு ஓர் ஆணையின் மூலம் அங்கீகாரப் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டது. நம் நாட்டில் அத்தகைய ஆணை எதுவும் பிறக்கவில்லை. ஆனால் ஆணையே வேண்டாத அளவுக்கு அந்த அபிப்பிராயம் இங்கே மரியாதை பெற்றிருக்கிறது. இதைச் சொல்வோர் எல்லோரும் தீய எண்ணம் கொண்டவர் அல்லர். நடுநிலை என்னும் பண்பை உண்மையாகவே மதிப்பவர் பலர் அவர்களுள் உளர். அவர்களை நோக்கியே நான் இம்மறுப்பை எழுதுகிறேன்.

அவர்களுடைய வாதத்துக்கு ஓர் அஸ்திவாரம் உண்டு. அதை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. இத்துறை தோன்றுமுன் பல்கலைக்கழகங்களிலும் அரசாங்க அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இருந்த அறிவு பட்சபாதமற்றதாய்த் தூய்மையாய் இருந்தது என்பதும், இயக்கத்தார் உள்ளே நுழைந்த பிறகே அதில் மாசு படிந்தது என்பதுமே அந்த அஸ்திவாரம். அது உண்மையா என்று பார்ப்போம்.

ஜனத்தொகைக் கணக்கெடுப்பவர் திண்ணையில் அமர்ந்து வீட்டுத் தலைவரிடம், "உங்கள் சம்சாரம் என்ன வேலை செய்கிறார்?" என்று கேட்கிறார். "வேலை ஒன்றும் இல்லை, சும்மா வீட்டில்தான் இருக்கிறாள்" என்று மறுமொழி வருகிறது. வந்தபடியே அது தாளில் ஏறுகிறது. அந்த மறுமொழி சொல்லப்படும் வேளையில் அவள் குழாயடியில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு முறைக்குக் காத்திருப்பாள். அல்லது விறகுச்சுமையைத் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருப்பாள். விடியுமுன் வாசல் தெளித்ததிலிருந்து இரவு பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பது வரை, இடையில் பிள்ளைகளுக்கும் முதியோர்க்கும் நோயாளிக்கும் செய்தவையும் சேர, அவள் உட்கார்ந்த நேரம் எவ்வளவு என்று அவ்வீட்டில் ஒருவராலும் சொல்ல முடியாது. கணக்கெடுப்பின் இலக்கணப்படி அவள் வேலை செய்யாதோர் பிரிவைச் சேர்ந்தவள். பல தலைமுறைகளாகப் பொருளாதார ஆசிரியர்கள் அந்த எண்களைக் கொண்டு பாடம் நடத்தினார்கள், திட்டங்கள் வகுத்தார்கள், பட்டங்கள் வழங்கினார்கள். அதைப் பட்சபாதம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

1970களின் நடுவில் தேவகி ஜெயின் என்னும் பொருளாதார அறிஞர் தம் சகாக்களோடு ராஜஸ்தானத்திலும் மேற்கு வங்காளத்திலும் சில கிராமங்களைத் தேர்ந்து, வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு நாளின் மணிகளை எவ்வெவற்றில் செலவிடுகின்றனர் என்று குறித்துவரச் செய்தார். வழக்கமான சர்வேக்களின் வலையில் அகப்படாத உழைப்பு, பெண்களுடையதும் சிறுவர் சிறுமியருடையதும், ஏராளமாக இருப்பது அதனால் புலப்பட்டது. பிறகு 1998 ஜூலை முதல் ஓராண்டுக் காலம் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் அரசே இம்முறையில் ஒரு முன்னோடி ஆய்வு நடத்திற்று. 2019இல் நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு வந்தது. வீட்டாருக்கான ஊதியமற்ற வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிஷமும், ஈடுபடும் ஆண் 97 நிமிஷமும் செலவிடுகின்றனர் என்றும், பெண்களில் நூற்றுக்கு 81 பேருக்கு மேல் அவ்வேலை செய்ய, ஆண்களில் நூற்றுக்கு 26 பேரே செய்கின்றனர் என்றும் அது காட்டுகிறது. இவ்வினாவைக் கேட்கத் துணிந்தவர்கள் பெண்ணுரிமையில் பற்றுள்ளவர்கள். விடையை எண்ணிச் சொன்னதோ மத்திய அரசின் புள்ளிவிவர அலுவலகம். பற்று இருந்ததனால் எண் பொய்யாயிற்றா, அல்லது பற்று இல்லாதிருந்ததனால் இத்தனை காலம் அந்த எண்ணே இல்லாது போயிற்றா என்று நண்பர்கள் தம் மனச்சாட்சியைக் கேட்டுக்கொள்ளட்டும்.

இயக்கம் முதலில் பிறந்தது, துறை அதன் வாலாகப் பின்னர் வந்தது என்று சொல்கிறார்கள். நம் நாட்டுச் சரித்திரம் வேறுவிதமாக இருக்கிறது. 1971இல் மத்திய அரசு இந்தியப் பெண்களின் நிலையை ஆராய ஒரு குழுவை நியமித்தது. பூல்ரேணு குஹா அதன் தலைவர். அரசியல் ஆசிரியராக இருந்த வீணா மஜும்தார் பின்னர் அதன் செயலராகப் பொறுப்பேற்றார். சட்டப் பேராசிரியை லோதிகா சர்க்கார் ஓர் உறுப்பினர். இவர்களுள் பலர் சுதந்திர இந்தியாவின் அரசமைப்பு தமக்குத் தந்த சமத்துவத்தில் நிறைந்த நம்பிக்கையோடு வளர்ந்த, கல்வியும் பதவியும் பெற்ற பெண்கள். மாநிலம் மாநிலமாகச் சென்று விசாரித்து, கணக்கேடுகளைப் புரட்டி, 1974 டிசம்பரில் தங்கள் அறிக்கையைக் கொடுத்தபோது அந்த நம்பிக்கை அவர்களிடம் இல்லை. 1901இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971இல் 930 ஆகக் குறைந்திருந்ததை அவ்வறிக்கை நாட்டின் முன் வைத்தது. பிரவீண் விசாரியா போன்ற மக்கள்தொகை அறிஞர்கள் அதை ஏற்கெனவே நுணுகி ஆராயாமல் இல்லை. ஆனால் அது நிபுணர்களின் ஏட்டுக்குள் அடங்கிய விஷயமாக இருந்ததேயன்றி, நாட்டின் அவமானமாக உணரப்படவில்லை. அறிக்கை எழுதிய அனுபவமே வீணா மஜும்தாரையும் லோதிகா சர்க்காரையும் இயக்கத்தின் பக்கம் திருப்பிற்று. பம்பாயில் நீரா தேசாயின் முயற்சியால் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பிரிவு 1974இல் தோன்றியதும், டில்லியில் மகளிர் வளர்ச்சி ஆய்வு மையம் 1980இல் அமைந்ததும், மகளிரியல் சங்கம் 1982இல் உருவானதும் அக்காலத்தில்தான். எண் முதலில் வந்தது. துயரம் அதன் பின் வந்தது. கொடி கடைசியில் வந்தது. முடிவை முன்வைத்துச் சான்று தேடியவர்களென்று இவர்களைச் சொல்வது சரித்திர விரோதம்.

அந்த எண்கள் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதைத் தமிழ்நாட்டார் அறிவர். உசிலம்பட்டி வட்டாரத்துப் பெண் சிசுக்கொலையைப் பற்றிய செய்தி 1986இல் தேசியப் பத்திரிகையின் அட்டையில் ஏறியது. 1992இல் அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க நேர்ந்தது. கள்ளிப்பாலின் பெயரைச் சொல்லி நான் வாசகரை உலுக்க விரும்பவில்லை. ஊருக்கு ஊர் மருத்துவச்சிகளுக்குத் தெரிந்திருந்த ஒன்று பல்கலைக்கழகத்துக்குத் தெரியாதிருந்தது என்பதே இங்கு நான் குறிக்க விரும்பும் சங்கதி.

இனி நடுநிலையின் ஆலயங்கள் என்று நாம் போற்றும் நீதிமன்றத்தையும் வைத்தியத்தையும் எடுத்துக்கொள்வோம். 1972 மார்ச் 26 இரவு, மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்சு காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிப் பெண், பதினான்குக்கும் பதினாறுக்கும் இடைப்பட்ட வயதினள் என்று மருத்துவர் மதிப்பிட்டவள், புகார் ஒன்றின் பொருட்டு வந்திருந்த தன் உறவினரை வெளியே அனுப்பிவிட்ட பின் நிலையத்துள் நிறுத்தப்பட்டாள். உள்ளே காவலர் இருவர் தனக்கு இழைத்ததை அவள் வெளியே வந்ததும் சொன்னாள். மருத்துவப் பரிசோதனை நடந்தது. உடலில் காயம் இல்லை என்றும், கன்னித்திரையின் கிழிவுகள் பழையன என்றும், இரு விரல்கள் எளிதில் நுழைந்தன என்றும் மருத்துவர் எழுதினார். விஞ்ஞானத்தின் மொழியில் எழுதப்பட்ட அந்த மூன்று வாக்கியங்களே அவளுடைய வழக்கின் தலைவிதியாயின. அவள் முன்பே ஆணுறவுக்குப் பழகியவள் என்று செஷன்ஸ் நீதிமன்றம் எண்ணிற்று, காவலர் விடுதலையாயினர். அச்சத்தால் அடங்கிப்போவது வேறு, மனம் ஒப்பி இசைவது வேறு என்று கண்ட பம்பாய் உயர்நீதிமன்றத்தின் நாகபுரிக் கிளை 1976இல் அவர்களைத் தண்டித்தது. 1978 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது. உடலில் காயமில்லை, கூவி எதிர்த்ததற்கு அடையாளமில்லை, ஆகவே வன்முறை நடந்ததென்று கொள்வதற்கில்லை என்பது தீர்ப்பின் போக்கு. இரவு வேளையில், கதவடைத்த காவல் நிலையத்தில், இரு காவலர் முன் ஒரு கூலிக்காரச் சிறுமி கூவி எதிர்க்கக்கூடுமா என்ற வினா அத்தீர்ப்பில் எடைபெறவில்லை.

ஓராண்டு கழித்து, 1979 செப்டம்பரில், நான்கு சட்ட ஆசிரியர்கள், உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், ரகுநாத் கேல்கர், வசுதா தாகம்வார் என்போர், இந்தியத் தலைமை நீதிபதிக்குப் பகிரங்கமாக ஒரு கடிதம் எழுதினார்கள். சட்டத்தின் கருத்துகளையே சட்டத்துக்கு எடுத்துரைத்த கடிதம் அது. இசைவுக்கும் பணிவுக்கும் உள்ள பேதத்தை விளக்கி, அப்பெண்ணின் வயதையும் வறுமையையும் இடத்தையும் தீர்ப்பு எண்ணாதிருந்ததைச் சுட்டி, பேராசிரியர் எழுதத் தக்க நுட்பத்தோடும், மனிதர் எழுதத் தக்க கோபத்தோடும் அது எழுதப்பட்டிருந்தது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு 1980 மார்ச்சு 8ஆம் நாள் பல நகரங்களில் பெண்கள் ஊர்வலம் போனார்கள். 1983இல் சட்டம் திருந்தியது. காவலில் இருக்கும் பெண் தான் இசையவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னால், இசைவில்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்ற விதி சாட்சியச் சட்டத்தில் 114ஏ என்ற பிரிவாக ஏறியது. இந்த நால்வரையும் எங்கே வைப்பது? கல்வியாளர் என்றால் அவர்கள் கடிதம் தெருவுக்குப் போனதை மறக்க வேண்டும். போராளிகள் என்றால் அதன் தருக்கத்தை மறக்க வேண்டும். இரண்டையும் மறவாதவர்க்கு, அறிவும் நியாயத்துக்கான உழைப்பும் ஒரே மனிதரிடத்தில் ஒன்றையொன்று கெடுக்காமல் வாழ முடியும் என்பது விளங்கும்.

அந்த இரு விரல் பரிசோதனையின் கதை அத்தோடு முடியவில்லை. தடயவியல் மருத்துவப் பாடநூல்களில் அது பல பதிப்புகள் நிலைத்திருந்தது. மாணவர் அதைப் படித்துத் தேறினர், தேறியவர் பரிசோதித்தனர், பரிசோதித்தவர் சாட்சி சொன்னார்கள். அதற்கு விஞ்ஞான ஆதாரம் ஏதும் இல்லை என்று எடுத்துக் காட்டியவர்கள், மும்பையின் சேஹத் ஆய்வு மையத்தார் போன்று, மருத்துவமனைகளில் பாதிக்கப்பட்ட பெண்களோடு இருந்து உழைத்தவர்கள். 2013இல் உச்சநீதிமன்றம் அதைக் கண்டித்தது. 2014இல் மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டி நெறிகள் அதை விலக்கின. அப்படியும் அது ஒழியாமையால் 2022 அக்டோபர் 31 அன்று உச்சநீதிமன்றம் மருத்துவப் பாடத்திட்டத்தையே திருத்தும்படி ஆணையிட நேர்ந்தது. பட்சபாதமற்ற சாஸ்திரம் என்று எது அரை நூற்றாண்டு சாட்சிக்கூண்டில் ஏறி நின்றதோ அது பொய். இயக்கத்தின் பிரசாரம் என்று எது இகழப்பட்டதோ அது மெய். இதைவிடத் தெளிவான நிரூபணத்தை எதிர்க்கட்சியார் எங்கே தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பாலீர்ப்பு பற்றிய கல்வியிலும் இதே வரலாறுதான். மதுரையிலிருந்து தம் காதலுக்காகச் சென்னைக்கு வந்துவிட்ட இரு இளம்பெண்கள் பெற்றோரின் புகாருக்கும் காவலர் விசாரணைக்கும் அஞ்சிச் சென்னை உயர்நீதிமன்றத்தை அடைந்தபோது, வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தன்பாலீர்ப்பைப் பற்றித் தாம் போதிய அறிவுடையவர் அல்லர் என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் தாமே சென்று பாடம் கேட்டார். 2021 ஜூன் 7 அன்று அவர் பிறப்பித்த ஆணை, பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லிச் செய்யும் சிகிச்சையைத் தடைசெய்தது; அவ்வழக்கின் தொடர்ச்சியில் மருத்துவப் பாடநூல்களில் இருந்த இழிசொற்கள் விசாரணைக்கு வந்தன. ஒரு நீதிபதி கற்றுக்கொள்ள விரும்பியபோது கற்பிப்பதற்கு அறிவு இருந்தது. அது யாரால் சேர்க்கப்பட்டது என்பதை யோசிக்க வேண்டும். குற்றவாளி என்று சட்டமும், நோயாளி என்று வைத்தியமும் சொன்ன காலத்தில், அவ்விரண்டையும் நம்பாது தம் வாழ்க்கையைத் தாமே பதிவு செய்தவர்களால் சேர்க்கப்பட்டது. 2024 ஆகஸ்டில்கூட, பெண்களின் தன்பாலீர்ப்பு மருத்துவப் பாடத்திட்டத்தில் இயற்கைக்கு மாறான குற்றமாக மறுபடி தலைகாட்டியது; எதிர்ப்பு எழுந்த பிறகே செப்டம்பரில் அது விலக்கப்பட்டது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு அக்குற்றச்சாட்டை இழந்து அப்போது ஆறாண்டு ஆகியிருந்தது.

இவையெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி என்னும் ஆட்சேபத்துக்கு நீண்ட விடை வேண்டாம். அந்த 377ஆம் பிரிவு மெக்காலே முன்னின்று வரைந்த சட்டத்தொகுப்பின் வழியாக 1860இல் வந்தது; திருநங்கையரைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்கச் சொன்ன குற்றப் பரம்பரைச் சட்டம் 1871இல் வந்தது. ஆட்சேபிப்பவர் முதலில் அவற்றை ஆட்சேபித்திருக்க வேண்டும். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டபோதும், முத்துலட்சுமி ரெட்டியும் மூவலூர் இராமாமிர்தமும் தேவதாசி முறையை எதிர்த்துப் பேசியும் எழுதியும் போராடியபோதும் எந்த மேல்நாட்டுத் துறையின் அனுமதியும் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் இருபத்தைந்து வயது அம்பேத்கர் படித்த கட்டுரையோ இன்னும் நினைவுகூரத் தக்கது. சாதிக்குள்ளேயே மணம் என்ற விதி நிலைக்க வேண்டுமானால் பெண்ணின் உடலைக் கட்டியாள்வது அவசியம் என்றும், உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் பாலிய விவாகமும் அதற்கென ஏற்பட்ட உபாயங்கள் என்றும் அவர் அதில் நிறுவினார். மேல்நாட்டில் பாலின ஆய்வு என்றொரு துறை தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, மானிடவியலின் கண்டிப்பான முறையில், ஒரு போராளி செய்த ஆராய்ச்சி அது. தாதாபாய் நௌரோஜி பிரிட்டிஷாரின் கணக்கேடுகளைக் கொண்டே பிரிட்டிஷார் நம் செல்வத்தை உறிஞ்சியதை நிரூபித்தார். அவர் கட்சிக்காரர், ஆதலால் அது பொருளாதாரம் ஆகாது என்று சொல்வாரை நாம் இன்று கண்டதுண்டா?

எதிர்த்தரப்பில் உண்மையின் கூறு ஒன்றும் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஊரார் ஒருவருக்கும் விளங்காத ஆங்கிலத்தில் ஊராரைப் பற்றி எழுதுவோர் இத்துறையில் உண்டு. திருநங்கையரிடம் மணிக்கணக்காகப் பேட்டி கண்டு பட்டம் வாங்கிய பின் அவர்கள் வாசலை மிதியாதவர் உண்டு. எளிய ஐயத்தைக் கேட்ட மாணவனை ஏளனத்தால் வாயடைக்கும் ஆசிரியரும் உண்டு. இவை குற்றங்களே. ஆனால் இவற்றை முதலில் எடுத்துச் சொன்னவர்கள் யார்? திருநங்கையான ரேவதி தம் சமூகத்தாரின் வாழ்க்கைகளைத் தாமே கேட்டு எழுதி, 'உணர்வும் உருவமும்' என்று தமிழில் நூலாக்கி, பேசப்படும் பொருளாக இருந்தவர்கள் பேசுவோராக ஆகலாம் என்று காட்டினார். 1983ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் உள்ளிட்ட அந்தப் பத்தாண்டின் சட்டங்கள் தண்டனையைக் கூட்டினவேயன்றிப் பெண்ணைக் காக்கவில்லை என்று 1992இல் கணக்குப் பார்த்து எழுதியவர் அவ்வியக்கத்திலேயே நின்ற வழக்கறிஞர் ஃபிளேவியா ஆக்னஸ். இந்தியப் பெண்ணியம் மேல்சாதிப் பெண்ணை இந்தியப் பெண் என்று எண்ணி மயங்கியதை 1998இல் கடுமையாக விசாரித்தவர் புனேயில் மகளிரியல் கற்பித்த சர்மிளா ரேகே. தன் வெற்றியையே தணிக்கை செய்துகொள்ளும் பிரசாரத்தை உலகம் கண்டதில்லை. தன் பிழையைத் தன் மாணவரைக் கொண்டே திருத்திக்கொள்வது சாஸ்திரத்தின் லட்சணம். அந்த லட்சணம் இத்துறையிடம் உண்டு. இதைப் பழிக்கும் பழைய துறைகள் பலவற்றினிடம் நான் அதை அவ்வளவு கண்டதில்லை.

நடுநிலை விரும்பும் நண்பர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். 299 நிமிஷம் என்ற கணக்கு தவறானால் எத்தனை என்று எண்ணிச் சொல்லுங்கள். நால்வர் கடிதத்தின் தருக்கத்தில் ஓட்டை இருந்தால் அதைக் காட்டுங்கள். ரேகே கூறியது பிழையென்றால் அவருக்கு மறுப்பு எழுதுங்கள். துறையின் பிறப்பை விசாரிப்பதை விட்டு அதன் கூற்றுகளை விசாரியுங்கள். அந்த விசாரணையை வரவேற்க இத்துறையில் ஆட்கள் இருக்கிறார்கள். அதுவரை, தற்காலிக ஊதியத்திலும் ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் அனுமதியிலும் மகளிரியல் மையங்களை ஊசலாட வைத்திராமல், மற்றத் துறைகளுக்குரிய நிரந்தர ஆசிரியர்களையும் நூலகத்தையும் தமிழில் பாடநூல்களையும் நம் பல்கலைக்கழகங்கள் அவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.